ரிப்போர்ட் நார்மல், அப்பாவுக்குச் சுகமில்லை

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழில். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்து நான்கு மாதமாகிறது. எக்கோ என்கிற இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், வேலைக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். அப்பாவோ "சுகமில்ல மக்ளே" என்று தோட்டத்திலிருந்து பாதியிலேயே திரும்பிவிடுகிறார். மடி, அதாவது சோம்பல், பிடித்துவிட்டது என்கிறான் அண்ணன். டாக்டரிடம் அப்பா வாயே திறப்பதில்லை, எல்லாம் நான்தான் சொல்கிறேன். யாரை நம்புவது?
– வாசகி, குலசேகரம்

பதில்: டாக்டரையும் நம்புங்கள், அப்பாவையும் நம்புங்கள் சகோதரி. மடி என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் 'சுகமா?' என்கிறோம். பிரஷர் எவ்வளவு என்றா கேட்கிறோம்? ஆரோக்கியம் ஒளிந்தே இருக்கும் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் காதமர் எழுதினார். தொண்ணூறு வயதைத் தாண்டி, 1993இல் அவர் வெளியிட்ட புத்தகமே இதைப் பற்றித்தான். உடம்பு நன்றாக இருக்கும்வரை அதன் நினைப்பே நமக்கு வராது.

அப்பாவின் பழைய விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் விளக்கு. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சீவிக்கொண்டே போகும் கத்தி, உள்மரத்தைத் தொடாது. கையைப் பற்றி அவர் யோசித்தே இருக்கமாட்டார். பார்வையில்லாதவருக்குக் கோல் பழகிவிட்டால் அதன் நுனியிலேயே அவருக்குத் தொடு உணர்வு வந்துவிடும் என்று 1945இல் பிரெஞ்சு அறிஞர் மெர்லோ-போந்தி எழுதினார். அப்பாவுக்குக் கத்தி அப்படி இருந்தது. இப்போது மரத்துக்கு மரம் நின்று நெஞ்சைக் கவனிக்கிறார் போலும். நினைப்பு நெஞ்சுக்குப் போனால் கை எப்படி ஓடும்? எக்கோவில் இது தெரியாது.

அடுத்தமுறை டாக்டரிடம் நீங்கள் பேசாதீர்கள். என்ன செய்யும்போது, எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று அப்பாவே சொல்லட்டும். வார்த்தை வராமல் திணறினாலும் பொறுங்கள். மேடு ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் அதை விசாரிக்க வேண்டியது டாக்டரின் கடமை. சும்மா இருக்கும்போதே வலி வந்தால் அடுத்தமுறைவரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயநோய் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவதும் சகஜம், அதற்கும் சிகிச்சை உண்டு. மாத்திரையை மட்டும் அவராக நிறுத்தக் கூடாது.

அப்புறம், ஒருநாள் விடியலில் நீங்களும் தோட்டத்துக்குப் போங்கள். அவர் வெட்டட்டும், நீங்கள் பால் பிடிக்கும் சிரட்டையை எடுத்து வையுங்கள். எத்தனாவது மரத்தில் நிற்கிறார், கை எங்கே போகிறது என்று பாருங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.