தாய்ப்பால் கொடுக்கும்போது எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன். சிசேரியன் ஆகி மூன்றரை மாதம். கர்ப்பத்துக்கு முன் 57 கிலோ, இப்போது 68. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அம்மா இரண்டு வேளை லேகியமும் தினம் உலுவாக்கஞ்சியும் (வெந்தயக் கஞ்சி) தருகிறார். எடை குறையட்டும் என்று ஒரு வாரமாக இராச்சாப்பாட்டை நிறுத்தினேன், தலை சுற்றுகிறது. குழந்தையும் மாலையில் விடாமல் அழுகிறது. பால் வற்றிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: முதலில் இன்று இரவே சாப்பிடத் தொடங்குங்கள். குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

55 கிலோ எடையும் அதிக உடலுழைப்பு இல்லாத வாழ்க்கையும் உள்ள பெண்ணுக்கு நாளுக்கு 1660 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 பரிந்துரை. பால் கொடுக்கும் முதல் 6 மாதங்களுக்கு அதோடு 600 சேரும். உங்கள் எடைக்கு நாள் செலவு 2400-ஐ ஒட்டி வரும். இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நெல்லிக்காய் அளவு லேகியம் இரண்டு வேளைக்கு ஏறக்குறைய 150. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்ட உலுவாக்கஞ்சி ஒரு டம்ளர் 300. சோற்றில் ஒரு மேசைக்கரண்டி நெய் ஊற்றினால் 130. பாலுக்கென்று தந்த 600-ஐ இந்த மூன்றுமே தின்றுவிடுகின்றன. இவற்றில் புரதமோ மிகக் குறைவு. புரதம் இருக்கிற சாப்பாட்டை நிறுத்திவிட்டு லேகியத்தைத் தொடர்ந்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

நாளுக்கு 2000 கலோரி போதும். 1800-க்குக் கீழே இறங்க வேண்டாம். காலையில் அரைக் குழல் புட்டு, ஒரு கப் அவித்த சிறுபயறு, ஒரு முட்டை. பதினொரு மணிக்கு ஒரு பழமும் மோரும். மதியம் ஒன்றரைக் கப் சோறு, நான்கைந்து சாளை (மத்தி மீன்) போட்ட குழம்பு, முருங்கைக்கீரைத் தோரன் (தேங்காய்ப் பொரியல்). சாளை மலிவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதில் உண்டு. பாதரசம் சேரும் சுறாவைத் தவிருங்கள். மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. அந்த இடத்தில் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) வந்தால் கை நிற்காது, டப்பாவையே எட்டாத இடத்தில் வையுங்கள். இரவு மூன்று தோசையும் சாம்பாரும், படுக்கும் முன் சர்க்கரையில்லாத பால் ஒரு டம்ளர். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்றால் அந்த வேளை சோறு கிடையாது.

லேகியத்தை அம்மாவிடம் சண்டை போட்டு நிறுத்த வேண்டியதில்லை; காலையில் ஒரு சிறு உருண்டை, அவ்வளவுதான். உலுவாக்கஞ்சி வாரம் இரண்டு நாள், தேங்காய்ப்பாலைக் குறைத்து. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். வலிந்து குடிப்பதால் பால் கூடாது.

தையல் ஆறி, மருத்துவரும் சரி சொன்ன பிறகு, பால் கொடுத்த கையோடு 30 நிமிடம் வேகமாக நடங்கள். உடற்பயிற்சியால் பால் புளிக்கும் என்பது வெறும் பேச்சு. இப்படிச் செய்தால் வாரம் அரைக் கிலோ வரை குறையும். அதற்கு மேல் வேகம் வேண்டாம். சோறே இல்லாத கீட்டோ உணவு பால் கொடுப்பவருக்கு ஆபத்து: இரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த தாய்மார் உண்டு. எடை குறைக்கும் மாத்திரை, பொடி எதுவும் இப்போது கூடாது.

மாலை அழுகை இந்த வயதில் பரவலாக இருப்பது. அதை மட்டும் வைத்துப் பால் குறைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் தொடர்ந்து கூடினால் பால் போதுகிறது. தாய் சேய் நல அட்டையில் குழந்தையின் எடைக் கோடு ஏறாமல் படுத்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள். பால் ஊறுவது குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்பதைப் பொறுத்தது. மாமியார் பயந்து புட்டிப்பால் கொடுத்தால் அதுதான் சுரப்பைக் குறைக்கும்.

தலைசுற்றல் சாப்பிட்ட பிறகும் தீரவில்லையென்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையும், 6 மாதம் கால்சியமும் அரசு சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தும் முள் அசையாமல், சோர்வும் குளிரும் இருந்தால் தைராய்டு சோதனை.

6 மாதம் கழிந்து குழந்தைக்கு இணை உணவு தொடங்கியதும் அந்த 600 என்பது 520 ஆகும். அப்போது இராத்திரி ஒரு தோசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.