சிடி நார்மல், ஆனால் இமை இறங்கிவிட்டது: மைக்ரேனா, பிட்யூட்டரியா?

பிட்யூட்டரியில் (மூளையின் அடியில் ஹார்மோன் சுரக்கும் சிறு சுரப்பி) கட்டி உள்ள உங்கள் அண்ணனுக்குத் திடீர்த் தலைவலியோடு இமை இறங்கிவிட்டது, சிடி நார்மல், இது மைக்ரேனா என்று கேட்கிறீர்கள். மைக்ரேன் என்று காத்திருக்காதீர்கள், அவரை இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பிட்யூட்டரி கட்டிக்குக் காபர்கோலின் (கட்டியைச் சுருக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று கண்ணுக்குப் பின்னால் மண்டை பிளக்கும் வலி, வாந்தி, ஒரு இமை இறங்கி இரட்டைப் பார்வை என்றால், கட்டிக்குள் ரத்தக்கசிவு (பிட்யூட்டரி அப்போப்ளெக்ஸி) என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மைக்ரேன் பெரும்பாலும் மெல்ல ஏறும். இமையை இறக்குவது ரொம்ப அரிது.

சிடி நார்மல் என்றதை நம்பி உட்கார வேண்டாம். இந்தக் கசிவு சிடியில் தப்பிவிடலாம், எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும்.

வண்டி வருவதற்குள் ஒன்று பாருங்கள். அவர் ஒரு கண்ணை மூடி உங்கள் மூக்கையே பார்க்கட்டும். திறந்த கண்ணின் காதுப் பக்கத்தில் உங்கள் விரலை ஆட்டுங்கள். தெரியவில்லையென்றால் பார்வை நரம்பு அழுந்திக்கொண்டிருக்கலாம். தெரிந்தாலும் கிளம்புங்கள்.

அங்கே போனதும் கட்டி இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். (பழைய ஸ்கேனும் கையில் இருக்கட்டும்.) கார்டிசால் (பிட்யூட்டரி தூண்டுவதால் உடலில் சுரக்கும் ஹார்மோன்), சோடியம் இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கார்டிசால் சரிந்தால் ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பெரும்பாலும் ரிசல்ட்டுக்குக் காத்திராமலே, அந்தக் குறையை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவார்கள்.

மூளை ரத்தக்குழாய் வீக்கமும் (அன்யூரிசம்) இதே மாதிரி இமையை இறக்கும். அதையும் இதையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. வலிக்கு என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.