சார்லாந்து எப்படிப்பட்ட மாநிலம்? அங்கே பிழைப்பு எதை நம்பி இருக்கிறது?

முதுகலை படிக்க சார்லாந்து போகலாமா, ஊர் எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதன் தலைநகர் சார்புரூக்கனில் இரண்டு வருடம் படித்தவன்.

பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் ஆகிய நகர மாநிலங்களை விட்டுவிட்டால் ஜெர்மனியிலேயே சிறியது இதுதான். பரப்பு சுமார் 2,570 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய பத்து லட்சம். ஒரு பக்கம் பிரான்ஸ், மேற்கு ஓரத்தில் லக்சம்பர்க். தலைநகரில் டிராம் ஏறினால் பிரெஞ்சு ஊரான சார்குமீனில் போய் இறங்கலாம்.

அந்த எல்லைக்கோடு இடம் மாறிக்கொண்டே இருந்ததற்கு முக்கியக் காரணம் நிலக்கரி. முதல் உலகப் போருக்குப் பின் சுரங்கங்கள் பிரான்சுக்குப் போயின. 1935 வாக்கெடுப்பில் மக்கள் ஜெர்மனியோடு சேர்ந்தார்கள். அடுத்த போர் முடிந்ததும் மறுபடி பிரான்சின் பிடி. 1952 ஒலிம்பிக்கில் சார்லாந்து தனி அணியாகவே கலந்துகொண்டது. 1957-ல் மேற்கு ஜெர்மனியோடு இணைந்தும், 1959 ஜூலை வரை புழங்கியது பிரெஞ்சு நாணயமான பிராங்க்தான். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா சின்ன வயதில் பிராங்க் கொடுத்து ரொட்டி வாங்கியதைச் சொல்வார். அவர் பிறந்த ஊரைவிட்டு நகர்ந்ததே இல்லை, நாடுதான் மாறியது.

அந்த நிலக்கரி கேட்ட விலையும் பெரியது. 1962-ல் லூயிசன்தால் சுரங்க வெடிப்பில் 299 பேர் இறந்தார்கள். கடைசிச் சுரங்கம் 2012-ல் மூடப்பட்டது. 1986-ல் அணைந்த ஃபோல்க்லிங்கன் இரும்பாலை இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அந்த ஊது உலைகளுக்கு நடுவே நடந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை ஆயிரம் பேரின் வியர்வை!

சார்லூயி ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2025-ல் நின்றது. டில்லிங்கனிலும் ஃபோல்க்லிங்கனிலும் எஃகுத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலக்கரியை விட்டு மின்சார உலைக்கு மாறப் பார்க்கிறார்கள். அது கைகூட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இல்லையென்றால் அந்த ஊர்களுக்கு வேறு பிடிப்பு குறைவு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணினித் துறை என்றால் யோசிக்காமல் போங்கள். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனமும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையமும் இருக்கின்றன. வாடகையும் மியூனிக் மாதிரி கழுத்தை நெரிக்காது. ஜெர்மனோடு கொஞ்சம் பிரெஞ்சும் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே குடியிருந்துகொண்டு, சம்பளம் அதிகம் என்று தினமும் லக்சம்பர்க் போய் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர்.