ஊசி போடுற அன்னிக்கு மட்டும் ஆடு ஏன் கிட்ட வர மாட்டேங்குது?

வாலிநோக்கம் பக்கத்துல ஆடு வளர்க்குற ஒரு அக்கா கேட்டிருக்காங்க. ஏழெட்டு கொடி ஆடு, ஒரு நாட்டு நாய் வச்சிருக்காங்க, வீட்டுக்காரர் மூக்கையூர்ல விசைப்படகுக்குப் போறவர். "மத்த நாள்லாம் மேல வந்து இடிச்சுக்கிட்டு நிக்கிற ஆடு, ஊசி போடணும்னு நினைச்ச அன்னிக்கு மட்டும் பக்கத்துலயே வராது டாக்டர், கயிறைக்கூட நான் கையில எடுத்திருக்க மாட்டேன். பக்ரீத்துக்கு முன்னாடி ஒரு கிடாயைக் கொடுத்துடலாம்னு ராத்திரி பேசிக்கிட்டோம், மறுநாள் வியாபாரி வந்து பார்த்துட்டுப் போனாரு, சாயங்காலம் அந்தக் கிடா மட்டும் தீவனம் எடுக்காம ஒதுங்கி நின்னுச்சு. அதுக்குத் தெரிஞ்சுடுச்சோன்னு இன்னும் மனசு உறுத்துது. வீட்டுக்காரரைக் கண்டாலோ எல்லா ஆடும் மூலைக்கு ஓடுது. நாயும் குளிப்பாட்டணும்னு நினைச்சாலே கட்டிலுக்கு அடியில போயிடுது. நாம நினைக்கிறது அதுகளுக்குக் கேக்குமா? அப்புறம் எப்படித்தான் பிடிக்கிறது?"

அக்கா, நேரா சொல்லிடுறேன். நீங்க நினைக்கிறது அதுகளுக்குக் கேக்காது. ஆனா அப்படி நினைக்கிறப்போ உங்க உடம்பு என்னென்ன பண்ணுதுன்னு உங்களைவிட அதுகளுக்கு நல்லாத் தெரியும். இது நான் சும்மா சொல்றது இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜெர்மனியில சோதிச்சுப் பார்த்த விஷயம். பெர்லின்ல வான் ஓஸ்டன்னு ஒரு வாத்தியார் ஹான்ஸ்னு ஒரு குதிரை வச்சிருந்தார், கூட்டல் கழித்தல் எது கேட்டாலும் காலால தரையைத் தட்டி சரியான விடை சொல்லும், 1904ல ஒரு கமிட்டியே வந்து பார்த்துட்டு இதுல ஏமாத்து வேலை இல்லைன்னுட்டுப் போச்சு. அப்புறம் ஆஸ்கர் ஃபங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து ஆராய்ஞ்சு 1907ல உண்மையைக் கண்டுபிடிச்சார். கேள்வி கேக்குற ஆளுக்கே விடை தெரியலைன்னா குதிரைக்கும் தெரியலை, கேக்குற ஆளைக் குதிரை பார்க்க முடியாம மறைச்சாலும் தெரியலை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்குறவர் தலை துளியூண்டு நிமிரும், அதைப் பார்த்துத்தான் அது தட்டுறதை நிறுத்துச்சு. இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது என்னன்னா, விஷயம் தெரிஞ்ச பிறகும் ஃபங்ஸ்டாலயே தன்னோட தலை அசைவை அடக்க முடியலை. அதனால "தெரியாத மாதிரி நடிச்சு பிடிச்சிடலாம்"ங்குற யோசனையை விட்டுடுங்க, அது நடக்காது.

இப்ப உங்க வீட்டு ஊசி நாளை எடுத்துக்குவோம். மத்த நாள் விடிஞ்சதும் பட்டிப் படலைத் திறந்துட்டு ஏதாவது பேசிக்கிட்டே, பாதிப் பார்வை அடுப்புல இருக்க, வளைஞ்சு நெளிஞ்சு நடப்பீங்க. ஊசி அன்னிக்கு படல் திறக்காது. முந்தானையை இடுப்புல இழுத்து சொருகியிருப்பீங்க. வாயில பேச்சு இருக்காது. மூச்சை லேசாப் பிடிச்சிருப்பீங்க. கண்ணு ஒரே ஆட்டு மேல நிக்கும், நடை நேர் கோடா அது மேலயே போகும். ஆட்டோட கண்மணி படுக்கை வாக்குல நீளமா இருக்கும், பார்த்திருப்பீங்க. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுத்தி 320 டிகிரி அளவுக்கு அதால பார்க்க முடியும், பின்னாடி வர்றவங்களும் பார்வைக்குள்ளதான் இருப்பாங்க. உத்துப் பார்த்துக்கிட்டு, சத்தமில்லாம, நேரா வர்ற உருவம்னா அதுக்கு வேட்டைக்கு வர்ற உருவம். அடுத்த தடவை நல்லாக் கவனிச்சுப் பாருங்க, நீங்க படல்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஒரு ஆடு அசை போடுறதை நிறுத்தும், காது ரெண்டும் உங்க பக்கம் திரும்பும், அந்த ஒரு ஆட்டைப் பார்த்து மத்ததும் அசை போடுறதை நிறுத்தும். கயிறு வெளிய வர்றதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சு போச்சு.

ஆடு மந்தமான பிராணின்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு அது வருத்தமான விஷயம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆளுங்க செஞ்ச ஆராய்ச்சி 2016ல வந்துச்சு, தீனி இருக்குற டப்பாவைத் திறக்க முடியலைன்னா ஆடு பக்கத்துல நிக்கிற மனுஷர் முகத்தை நிமிர்ந்து பார்க்குது, அவர் முகத்தைத் திருப்பி நின்னா அவ்வளவு நேரம் பார்க்கலை. 2018ல இன்னொண்ணு, ஒரே ஆளோட சிரிச்ச முகப் படமும் கோவ முகப் படமும் மாட்டி வச்சப்போ ஆடுங்க சிரிச்ச முகத்துக்கிட்ட முதல்ல போச்சு, அதுவும் அந்தப் படம் வலது பக்கம் இருந்தப்போதான் அப்படி. ஆக உங்க முகத்துல இருக்குறது அதுக்கு செய்திதான்.

அந்தக் கிடா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்வியில உண்மையா வலிக்கிற இடம் அதுதான்னு தோணுது. வித்துப்போறது, அறுக்கிறது, இதெல்லாம் ஆட்டோட மனசுக்குள்ள வர்ற விஷயம் இல்ல அக்கா. நீங்க ராத்திரி பேசின பேச்சும் அதுக்குப் புரியாது. ஆனா அன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு யோசிங்க. வியாபாரி வந்தா சும்மா பார்த்துட்டுப் போக மாட்டார், கொம்பைப் பிடிச்சு நிறுத்தி, பல்லைத் திறந்து பார்த்து, இடுப்புக்கு மேல முதுகுச் சதையை அமுக்கிப் பார்ப்பார். முன்னப்பின்ன தெரியாத ஆள், வேற பத்து ஆட்டு வாசம் கையில. மந்தையிலேயே அந்த ஒண்ணுக்கு மட்டும் இது நடந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க வேற, மனசு கேக்காம அதுக்குத் தனியா கஞ்சி வச்சிருப்பீங்க, வழக்கமில்லாம ரொம்ப நேரம் தடவிக் கொடுத்திருப்பீங்க, கண்ணு கலங்கியிருப்பீங்க. அது ஒதுங்கி நின்னது பிடிச்சு அமுக்கின பயத்துலயும், உங்க நடை மாறிப்போன குழப்பத்துலயும்தான். துரோகம் பண்ணிட்டோம்னு அது உங்களைப் பார்த்து நிக்கலை, அந்தப் பாரத்தை நீங்க சுமக்க வேண்டாம். அடுத்த தடவை விக்கிறப்போ வியாபாரி ரெண்டு மூணு ஆட்டைத் தொட்டுப் பார்க்கட்டும், நீங்களே பிடிச்சு நிறுத்துங்க, கொம்பைத் தொட விடாதீங்க. அதுக்கு நாம செய்யக்கூடிய நல்லது அதுதான்.

கோயில் கிடாய்க்கும் இதே கேள்வியை நம்ம பக்கம் நிறைய பேர் கேப்பாங்க, மஞ்சத்தண்ணி தெளிச்சும் துலுக்காம நிக்குதே, அதுக்குத் தெரிஞ்சுதானே நிக்குதுன்னு. சாமி காரியத்துல நான் தலையிடலை, வைத்தியனா ஒண்ணு மட்டும் சொல்லலாம், ரொம்பப் பயந்த ஆடு உடம்பை விறைச்சுக்கிட்டு அசையாம நிக்கும். கூட்டமும் மேளமும் கொஞ்சம் தள்ளி நின்னா நல்லது.

சரி, எப்படிப் பிடிக்கிறது. ஊசி நாள்ல செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான், மத்த நாள்ல செய்ய வேண்டியதுதான் நிறைய. ஊசி நாள்ல மட்டும் வர்ற எல்லாத்தையும் மத்த நாள்லயும் வர வைங்க. தினமும் தோள்ல கயிறைப் போட்டுக்கிட்டே தீவனம் வைங்க, முந்தானையைச் சொருகிக்கிட்டே தண்ணி ஊத்துங்க, சில நாள் படலைக் கொஞ்சம் லேட்டாத் திறங்க. காரணமே இல்லாம ஒரு ஆட்டைப் பிடிங்க, தாடைக்கு அடியில கை கொடுத்து நிறுத்துங்க, காதைத் தொடுங்க, உதட்டை விரிச்சுப் பாருங்க, ஒரு பிடி கருவேல நெத்தைக் கொடுத்து உடனே விட்டுடுங்க. நாளைக்கு ரெண்டு ஆடு போதும். பிடிச்சாலே வலின்னு இருந்த கணக்கு, பிடிச்சா பெரும்பாலும் நெத்துன்னு மாறும். வருஷத்துல ஒண்ணு ரெண்டு ஊசி வலி அப்புறம் அதைக் கெடுக்காது.

கிட்ட போறப்போ நேரா போகாதீங்க, வேற எங்கயோ போற மாதிரி பக்கவாட்டுல வளைஞ்சு போங்க, கண்ணை அது மேல குத்தாம தரையைப் பார்த்துக்கிட்டு, வழக்கமாப் பேசுற பேச்சைப் பேசிக்கிட்டே, மூச்சை நல்லா வெளிய விட்டுக்கிட்டு. ஆடு தலையைத் தூக்கினா அங்கேயே நில்லுங்க, அது மறுபடி குனிஞ்சதும் அடுத்த அடி. ஆட்டோட தோளுக்குப் பின்னாடி நின்னீங்கன்னா அது முன்னாடி நகரும், தோளுக்கு முன்னாடி வந்தா பின்னாடி நகரும், இதை வச்சே ஓடாம மூலைக்குக் கொண்டு வந்துடலாம். கொம்பு, காது, பின்னங்கால் இதைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. பட்டியில அடைஞ்சு கிடக்கிற விடியக்காலையிலயே முடிச்சிடுங்க, வெளிய உடைமரக் காட்டுல விட்டுட்டு வெயில்ல துரத்துனா சினை ஆடு கரு கலைஞ்சு போகலாம், மூச்சு வாங்கி விழுந்தும் போகலாம். குடற்புழு மருந்து ஊத்துறப்போ இன்னும் கவனம், திமிறுற ஆட்டோட தலையை அண்ணாந்து தூக்கி ஊத்துனா மருந்து நுரையீரலுக்குள்ள போயிடும். தலை முதுகு மட்டத்துலயே இருக்கட்டும், கடைவாய் ஓரமாக் கொஞ்சம் கொஞ்சமா.

ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்றேன், நீங்க தீவனத்துக்குக் கூப்பிடுற சத்தத்தைப் போட்டு வரவழைச்சு ஊசி போடாதீங்க. ஒரு தடவை வேலை செய்யும், அப்புறம் அந்தச் சத்தத்துக்கும் வராது. காட்டுல நாய் விரட்டுறப்போவோ மழை இறங்குறப்போவோ அந்த ஒரு குரல்தான் அதைக் காப்பாத்தப் போகுது, அதைக் கெடுத்துக்காதீங்க.

உங்க வீட்டுக்காரரைப் பார்த்து ஓடுதுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் சுலபம். அவர் பாதி நாள் கடல்ல, கரைக்கு வந்ததும் "பிடிக்க ஆள் வந்தாச்சு"ன்னு நீங்க ஊசி வேலையை அவர் தலையில கட்டுறீங்க. ஆட்டுக்கு அவர்னா ஊசி. எனக்கும் அதே கதைதான், என் பைக் சத்தமும் ஸ்பிரிட் வாசமும் தெருமுனையில வந்தாலே இங்க பாதி பட்டி கலைஞ்சிடும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்குல்ல, அதைப் பயன்படுத்திக்கங்க. தினமும் கொஞ்ச நேரம் அவர் பட்டிக்குள்ள உட்கார்ந்து வலை பொத்தட்டும், ஆட்டைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், மடியில நெத்து இருந்தாப் போதும். ஆடுதான் அவர்கிட்ட போகணும், அவர் ஆட்டுக்கிட்ட போகக் கூடாது. அந்த ரெண்டு மாசம் ஊசிக்குப் பிடிக்கிறது வேற யாராவதா இருக்கட்டும்.

நாய்க்கு வருவோம். நாய் ஆட்டைவிட ஒரு படி மேல. கொல்கத்தா ஐசர்ங்குற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல அனிந்திதா பத்ரா குழு தெரு நாய்களை வச்சே பார்த்திருக்காங்க, யாரும் பழக்காத நாய்கூட மனுஷன் கை நீட்டிக் காட்டுற பக்கம் போகுது. நம்ம மீன் இறக்குற கரையில தினமும் பார்க்குறதுதானே, யாரு சூடை மீனைத் தூக்கிப் போடுவாங்க, யாரு கல்லுக்குக் குனியுறாங்கன்னு பாதிக் குனியலேயே அதுகளுக்குத் தெரியும். 2021ல ஜெர்மனியில 51 நாய்களை வச்சு இன்னொரு சோதனை பண்ணினாங்க. கண்ணாடி மாதிரி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இடுக்கு வழியா தீனி கொடுக்குற ஆள், ஒரு தடவை வேணும்னே கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டார், ஒரு தடவை கை தவறிக் கீழ போட்டார். கை தவறினப்போ நாய் சுத்தி வந்து சீக்கிரமே எடுத்துக்கிச்சு, வேணும்னே இழுத்தப்போ ரொம்ப நேரம் தயங்கி நின்னுச்சு. நம்ம எண்ணத்தையே புரிஞ்சுக்குதுன்னு முடிவு கட்ட இன்னும் வேலை இருக்கு, ஆனா வேணும்னே செஞ்சதுக்கும் தெரியாம நடந்ததுக்கும் வித்தியாசம் அதுக்குப் படுதுங்குறது நிஜம். அதோட மோப்பம் வேற. 2022ல பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல பழக்கின நாய்ங்க, ஒரே ஆள் நிம்மதியா இருந்தப்போ எடுத்த மூச்சு வியர்வை எது, பதட்டமா இருந்தப்போ எடுத்தது எதுன்னு நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல சரியாப் பிரிச்சுக் காட்டுச்சு. எரிச்சலோட குளிப்பாட்டப் போனீங்கன்னா நடிப்பு முகத்துல மட்டும்தான் இருக்கும், வாசம் காட்டிக் கொடுத்துடும். அதனால நாய்க்கும் அதே வழிதான், பழைய புடவையும் வாளியும் சோப்பும் தினமும் முத்தத்துல இருக்கட்டும், வெறும் வாளி பக்கத்துல நின்னு ஒரு கருவாட்டுத் துண்டு, அடுத்து கால் மட்டும் நனைச்சு ஒரு துண்டு. கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்து எடுக்காதீங்க, ஒளியுற இடத்துல கை விட்டா நல்ல நாயும் கடிக்கும்.

கடைசியா ஒண்ணு, எல்லா ஒதுங்கலையும் இந்தக் கணக்குல போட்டுடாதீங்க. ஊசி இல்லாத நாள்லயும் ஆடு தனியா நின்னு, தீவனம் எடுக்காம, மூக்கு ஒழுகி, வாய்ப்புண்ணோட கழிச்சலும் இருந்தா அது ஆட்டுக்கொல்லி நோயா இருக்கலாம், மத்ததுகளைவிட்டுப் பிரிச்சுக் கட்டிட்டு அன்னிக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க. நாய் திடீர்னு குணம் மாறி, இருட்டுல ஒளிஞ்சு, எச்சில் ஒழுகி, குரல் மாறினா கிட்ட போகாதீங்க, வெறிநோயா இருக்கலாம். கடிச்சிருந்தா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, புண்ணு சின்னதா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பூசி போட்டுக்கங்க.