புது வால்வும் சிவக்கிறதே!

கேள்வி: ஈஎல் 84 வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் என்னிடம் இருக்கிறது. ஆன் செய்த பத்து நிமிடத்தில் இடப்பக்க வால்வின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சிவக்கிறது, பாட்டும் கரகரக்கிறது. புது வால்வு போட்டும் அதே கதை. ஏன்?

பதில்: இனி ஆன் செய்து பாட்டுக் கேட்காதீர்கள். பிளேட் சிவந்தால் வால்வு தன் 12 வாட் வரம்பைத் தாண்டிவிட்டது. தொடர்ந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

சந்தேகம் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து, பாட்டுச் சிக்னலை மட்டும் அடுத்த வால்வுக்கு விடுவது) மேல்தான். அது கசிந்தால், முந்தைய வால்வின் பிளேட்டில் உள்ள டிசி மின்னழுத்தம் ஈஎல் 84-இன் கிரிடுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) வந்து, மின்னோட்டம் எகிறும். ஆஃப் செய்து அந்த வால்வைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸிலும் (உலோகச் சட்டம்), சிவப்பை சாக்கெட்டின் 2-ஆம் முனையிலும் (அதுதான் கிரிட்) கிளிப் போட்டு மாட்டிய பிறகே ஆன் செய்யுங்கள். (முனைகளை அடிப்பக்கமிருந்து, இடைவெளிக்கு அடுத்ததில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும்.) பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் வந்தாலும் கெப்பாசிட்டர் போச்சு.

அதே மதிப்பில், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகை போடுங்கள், இரு பக்கமும். தங்கநிறக் கெப்பாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம்.

பூஜ்யம் காட்டினால், காத்தோடு (வால்வில் எலக்ட்ரான்களை உமிழும் பகுதி) ரெசிஸ்டரையும் அதன் குறுக்கே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் பாருங்கள். அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனாலும் இதே கோளாறுதான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கலாம். கை வைக்குமுன் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியே அந்த மின்னேற்றத்தை இறக்கி, மீட்டரில் சரிபாருங்கள்.