பக்கத்தில் நிற்கும் குரல்களுக்காக எழுதுவது

அன்புள்ள ஐயா,

குழுப்பாடல் பற்றி நீங்கள் எழுதியதில் அமெரிக்க இசையமைப்பாளர் கேரலைன் ஷாவின் ‘எட்டுக் குரல்களுக்கான பார்டிட்டா’வைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். கேட்டேன். சில இடங்களில் உடம்பு சிலிர்த்தது. சில இடங்களில் எரிச்சல் வந்தது. பெருமூச்சு, முனகல், தொண்டைக் கரகரப்பு, நடுவில் சும்மா பேச்சு. இதையெல்லாம் இசை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கு 24 வயது. எங்கள் ஊர் சர்ச் கொயரில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன். நான்கு குரலுக்கு நானாகவே சில பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் பாடியதில்லை. கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதைத்தான் கேட்டிருக்கிறேன். ஷா 30 வயதில் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கினார் என்று படித்தபோது, யேல், பிரின்ஸ்டன் என்று படித்தவர்களுக்குத்தானே இதெல்லாம் நடக்கும் என்று தோன்றியது. இன்னொன்று: வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களின் பாட்டை அவர் எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டையும் பார்த்தேன். அது சரியா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பு விஷயத்தில் தொடங்குகிறேன், உங்கள் மனசு அங்கேதான் நிற்கிறது. ரைஸ், யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் ஷா படித்தது உண்மை. அந்தப் பெயர்கள் கதவு திறக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் ரைஸிலும் யேலிலும் அவர் படித்தது வயலின். 1982-இல் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில்லில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதில் அம்மாவிடமே வயலின் கற்றார், சர்ச் கொயரிலும் பாடினார். யேலில் முதுகலை முடித்தது 2007-இல். அதற்குப் பிறகு வயலின் வாசிப்பதும் பாடுவதும் நடன வகுப்புகளுக்கு உடனிருந்து வாசிப்பதுமாகத்தான் காலம் போனது. இசையமைப்புக்கென்று பிரின்ஸ்டனில் முனைவர் படிப்பில் சேர்ந்தது 2010-இல். பார்டிட்டாவில் அவர் முதலில் எழுதிய பகுதி அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. அதனால் அந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வகுப்பறையைக் காட்டிவிட முடியாது.

அது வந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ். சின்ன ஊர். ஒரு காலத்தில் துணிக்கு அச்சடித்த, பிறகு மின்சாதனப் பாகங்கள் செய்த பெரிய ஆலைக் கட்டடங்கள், ஆலை மூடியபின் 1999-இல் மாஸ் மோக்கா என்ற கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. பிராட் வெல்ஸ் என்பவர் 2009-இல் எட்டுப் பாடகர்களைச் சேர்த்து ‘ரூம்ஃபுல் ஆஃப் டீத்’ என்ற குழுவைத் தொடங்கி, கோடையில் அங்கே கூட்டினார். மனிதத் தொண்டையால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். வெவ்வேறு மரபுகளில் கைதேர்ந்தவர்களை வரவழைத்துப் பாடம் கேட்டார்கள். ஒரே தொண்டையில் இரண்டு சுரம் எழுப்பும் ரஷ்யாவின் துவா பகுதிப் பாட்டு, குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிடும் ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் யோடல், கொரியாவின் கதைப்பாட்டான பன்சோரி என்று அந்தப் பட்டியல் நீளும். நம்முடைய இந்துஸ்தானியும் பின்னாளில் அதில் சேர்ந்தது.

ஷா அங்கே ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடப் போனவர். பார்டிட்டாவை எழுதித் தரச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. முதல் கோடையிலேயே கூடப் பாடுகிறவர்களுக்காக ஒரு பகுதி எழுதினார். பார்டிட்டாவில் இப்போது கடைசியாக வரும் ‘பாசகாலியா’தான் அது. அடுத்த இரண்டு கோடைகளில் மற்றவை சேர்ந்தன. 2011-இல் நான்கு பகுதிகளும் முடிந்தன. மொத்தம் சுமார் 25 நிமிட இசை, மூன்று வருடம்.

உங்கள் எரிச்சலுக்கு பாசகாலியாவை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆரம்பத்தில் ஒரு சுரக்கோவை மெதுவாக, நம் கொயரில் யாரும் பாடிவிடக்கூடிய எளிமையோடு வருகிறது. அதே கோவை திரும்ப வரும்போது குரலின் நிறம் மாறியிருக்கும். வாய் அகலும், நெஞ்சுக் குரல் ஏறும், சட்டென்று எட்டுப் பேரும் தொண்டையை முழுக்கத் திறந்து விடுவார்கள். சுரங்கள் பழையவைதான், நமக்கோ வேறு கட்டடத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். பிறகு பேச்சு தொடங்குகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக, எதுவும் புரியாதபடி. அது கரகரப்பாகத் தேய்கிறது. அந்தக் கரகரப்பின் அடியிலிருந்தே முழு ஹார்மனி எழுந்து வருகிறது. கரகரப்பை வெட்டி எடுத்துவிட்டு அந்த ஹார்மனியை மட்டும் கேட்டால் அது சாதாரணமான மேஜர் கார்டு. அது நம்மை உலுக்குவது முன்னால் வந்த சத்தத்தால். நான் அதை இசை என்று சொல்வது இதனால்தான். வேடிக்கைக்காக ஒட்டிய சத்தம் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்தப் பேச்சு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மாஸ் மோக்கா வளாகத்திலேயே ஒரு கட்டடத்தின் மூன்று தளங்களில் சால் லெவிட் என்ற ஓவியரின் 105 சுவரோவியங்கள் 2008 முதல் இருக்கின்றன. லெவிட் 2007-இல் இறந்துவிட்டார். அவர் முறை என்னவென்றால், எந்தப் புள்ளி எங்கே வர வேண்டும், எந்தக் கோடு எதைத் தொட வேண்டும் என்று எழுதி வைப்பார். வரைவது வேறு ஆட்கள். அப்படி ஓர் ஓவியத்துக்கு, 305-ஆம் எண், அவர் எழுதிய குறிப்புகளைத்தான் ஷா பாடகர்களின் வாயில் வைத்தார். மூலையிலிருந்து கோடு, நடுப்புள்ளியிலிருந்து கோடு என்று வடிவியல் பாடம் போலப் போகும் வரிகள். நாலு குரலுக்கு எழுதுகிறவர் நீங்கள், இது உங்களுக்கு உடனே பிடிபடும். நாம் தாளில் எழுதுவதும் இன்னொருவர் தொண்டைக்கான குறிப்புதானே.

நான்கு பகுதிகளின் பெயர்களையும் பாருங்கள்: அலெமாண்ட், சரபாண்ட், கூராண்ட், பாசகாலியா. எல்லாம் பரோக் காலத்து, அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின், நடன வடிவங்கள்; இப்படிக் கோத்த தொகுப்புதான் பார்டிட்டா. அந்தக் கால இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்டிட்டாக்களை எந்த வயலின் மாணவரும் வருடக்கணக்கில் சாதகம் செய்வார். வடிவம் ஷாவின் விரலில் ஏற்கெனவே இருந்தது. நடன வகுப்புகளில் காலடிகளைப் பார்த்து வாசித்த பழக்கம் அலெமாண்டின் தொடக்கத்தில் தெரிகிறது. பக்கவாட்டில் போ, சுற்றி வா என்று கிராமத்து நடனத்தில் கூப்பிடுவது போன்ற குரல்கள் அங்கே. கூராண்டில் ஒரு பழைய அமெரிக்க சபைப் பாடல் மெல்ல முனகலாக வந்து போகும். நியூயார்க்கின் டிரினிட்டி வால் ஸ்ட்ரீட் சர்ச்சில் சம்பளத்துக்குப் பாடிய கொயர்க்காரரும் அவர். மூச்சு எந்த இடத்தில் முடியும், ஆல்டோவுக்கு எந்த சுரம் சுகம் என்பதெல்லாம் இப்படிப் பாடிப் பாடி வந்த அறிவு. அது உங்களிடமும் இருக்கிறது.

பரிசுக் கதை சுருக்கமானது. குழுவின் முதல் ஆல்பம் 2012 அக்டோபரில் வெளிவந்தது. ஷா 50 டாலர் கட்டணம் கட்டி, தானே புலிட்சருக்கு அனுப்பினார். நடுவர்கள் இந்தக் குழு பாடுவதைக் கேட்கட்டும் என்பதே அவர் எண்ணம். 2013 ஏப்ரலில் பரிசு அறிவித்தார்கள். இசைக்கான புலிட்சரை அத்தனை இளம் வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. இறுதிச் சுற்றில் இருந்த மற்ற இருவர் ஏரன் ஜே கெர்னிஸும் வடாடா லியோ ஸ்மித்தும். கெர்னிஸ் 1998-லேயே புலிட்சர் வாங்கியவர். ஸ்மித்துக்கு அப்போது 71 வயது. நான்கு பகுதிகளையும் சேர்த்து மேடையில் முதன்முறை பாடியதே பரிசுக்குப் பிறகு, அந்த நவம்பரில்தான். உங்கள் 24 வயதை அவருடைய 30-க்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அந்த வரிசையிலேயே 71-உம் இருந்தது.

இனி இனுயிட் விஷயம். கூராண்டில் பெண்கள் மூச்சை இழுத்தும் விட்டும் தாளம் கட்டுகிறார்களே, அது கதஜக் என்ற வடகனடா இனுயிட் பெண்களின் பாட்டு மரபிலிருந்து வந்தது. இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நெருங்கி நின்று, ஒருவர் மூச்சின் இடைவெளியில் மற்றவர் மூச்சை நுழைத்துப் பாடுவார்கள். யார் முதலில் சிரித்துவிடுகிறாரோ, மூச்சு திணறுகிறாரோ அவர் தோற்றார். குழுவினர் இனுயிட் பாடகிகளிடம் நேரில் கற்றார்கள். ஆனாலும் 2019-இல் இனுயிட் பாடகி தான்யா தகாக், கூராண்டில் வருவது தங்கள் மரபுப் பாட்டு என்றும் அதற்குரிய மதிப்பும் பெயரும் தரப்படவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். குழு பகிரங்கமாகப் பதில் எழுதியது, யாரிடம் கற்றோம் என்று சொன்னது. தகாக் கேட்டது நியாயம் என்பது என் கருத்து. கதஜக்கைப் பாடக்கூடாது என்று பாதிரிமார் தடுத்த காலம் ஒன்று இருந்தது. பாட்டிகள் ஒளித்துக் காப்பாற்றிக் கொடுத்த ஒன்று பெரிய பரிசு வாங்கிய படைப்புக்குள் போகும்போது, அந்த மரபின் பெயர் முதல் நாளிலேயே தாளில் இருந்திருக்க வேண்டும். பணம் கொடுத்துப் பாடம் கேட்டோம் என்பது போதாது. கூராண்டை நான் இன்றும் விரும்பிக் கேட்கிறேன், இந்தக் குறையோடு சேர்த்தே கேட்கிறேன்.

பார்டிட்டாவுக்குப் பிறகு ஷா எழுதியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், நேரம் கிடைக்கும்போது கேளுங்கள். பிலடெல்பியாவின் ‘தி கிராஸிங்’ கொயருக்காக 2016-இல் எழுதிய ‘டு தி ஹேண்ட்ஸ்’. 17-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பக்ஸ்டஹூட, சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலை அங்கம் அங்கமாகப் பார்த்து எழுதிய கான்டாட்டாக்களில், அதாவது வாத்தியங்களோடு பாடும் பக்திப் பாடல் தொகுப்புகளில், கைகளுக்கான பகுதிக்கு எழுதிய பதில் அது. ஒரு கட்டத்தில், சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளாக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை கொயர் நாடு நாடாகச் சொல்லிக்கொண்டே போகிறது. வெறும் எண்கள். பார்டிட்டாவில் கேட்ட பேச்சு இங்கே பாரத்தோடு திரும்ப வருகிறது.

சரி, உங்கள் பாட்டுகள். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது, அது உங்கள் எழுத்தில் எந்தத் தப்பையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் பாட்டுகளில் ஆகச் சின்னதை எடுங்கள், ஒரு பக்கம் போதும். உங்கள் கொயரில் சோப்ரானோ ஒருவர், ஆல்டோ ஒருவர், பேஸ் ஒருவர், டெனருக்கு நீங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கால் மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். ஆல்டோ எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள், அங்கே எழுத்தை மாற்றுங்கள். அவர் குரலில் எந்த சுரம் நன்றாக நிற்கிறதோ அதற்காக அடுத்ததை எழுதுங்கள். அவர்கள் பாடியதை செல்போனில் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பிசிறோடு இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்.