ஐரோப்பாவில் சிறுதொழிலுக்கு அரச நிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை கிடைத்த கடிதங்களுள் பல, ஐரோப்பிய நாடுகளில் வாழும் எமது உறவினர்கள் தொழில் தொடங்குவதற்கு அங்குள்ள அரசுகள் என்ன உதவி செய்கின்றன என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: எனது தம்பி ஜேர்மனியில் பல வருடங்களாக உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்கிறார். இப்போது சொந்தமாக ஓர் உணவகம் திறப்பதற்காக, எங்கள் வயற்காணியை ஈடுவைத்தோ விற்றோ பணம் அனுப்பும்படி கேட்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் சிறுதொழில் தொடங்குவோருக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் கொடுப்பதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? (ஆசிரியை, பரந்தன்)

பதில்: காணியை ஈடுவைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். தம்பி முதலில் தமது சம்பளம் வந்து சேரும் வங்கியில் நேரம் கேட்டுப் போய்ப் பேசட்டும். ஊரில் சொல்லப்படுவதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. உங்கள் தம்பிக்குப் பயன்படக்கூடிய உண்மை அதுவன்று. ஐரோப்பிய ஒன்றியம் மானியமாகக் கொடுக்கும் பெருந்தொகைகள் பெரும்பாலும் புதிய தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுக்கு உரியவை. ஐரோப்பியப் புத்தாக்க மன்றம் தனது முடுக்கித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்துக்கு 25 இலட்சம் யூரோ வரை மானியம் வழங்குகிறது. ஆனால் அங்கே மருத்துவக் கருவியோ மின்கலமோ கண்டுபிடித்தவர்களே போட்டியிடுகிறார்கள். உணவகத்துக்குக் கிடைப்பது கடன்தான். அந்தக் கடனுக்குப் பின்னால் அரசு நிற்கிறது என்பதே அங்குள்ள ஏற்பாட்டின் சிறப்பு.

ஜேர்மனியில் இந்தப் பணியைச் செய்வது கே.எப்.டபிள்யூ. என்னும் அரச வங்கி. போருக்குப் பின் நாட்டை மீளக் கட்டுவதற்காக 1948 இல் தொடங்கப்பட்ட அவ்வங்கியின் பங்குகளில் 80 வீதம் மத்திய அரசிடமும் 20 வீதம் மாநிலங்களிடமும் உள்ளன. சாதாரண வங்கிக் கிளையைப் போல அதன் வாசலில் போய்க் கடன் கேட்க முடியாது. தொழில் தொடங்குபவர் தமது வழக்கமான வங்கியிடம் விண்ணப்பிக்க, அந்த வங்கி அதைப் பரிசீலித்து கே.எப்.டபிள்யூ.வுக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பணத்தைத் தன் ஊடாகவே கொடுக்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்கான 'ஸ்டார்ட்கெல்ட்' என்னும் சிறுகடனில், வங்கியின் இழப்பில் 80 வீதத்தை கே.எப்.டபிள்யூ. ஏற்றுக்கொள்கிறது.

இந்த 80 வீதம் என்ற இடத்தில்தான் பலரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதால் ஒரு கணக்கைப் பார்ப்போம். தம்பி ஓர் இலட்சம் யூரோ கடன் பெற்று, 40,000 யூரோவைத் திருப்பிக் கட்டிய பின்னர் உணவகம் நொடித்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 60,000 யூரோவில் ஒன்றையும் அறவிட முடியாமற் போனால், 48,000 யூரோ கே.எப்.டபிள்யூ.வின் இழப்பாகவும் 12,000 யூரோ மட்டும் வங்கியின் இழப்பாகவும் பிரியும். ஆனால் தம்பியைப் பொறுத்தவரை அவர் செலுத்த வேண்டியது அப்போதும் 60,000 யூரோதான். அரசு காப்பது கடன் கொடுத்த வங்கியை. கடன் எடுத்தவரை அன்று. அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு பெறுமதியானது என்றே நாம் கருதுகிறோம், ஏனெனில் ஈடாக வைக்க வீடோ காணியோ இல்லாத ஒரு சமையற்காரருடன் வங்கி பேச முன்வருவதே இதனால்தான்.

தம்பியிடம் உடனே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விண்ணப்பம் கொடுக்கப்படுவதற்கு முன்னர் தொழிலுக்கான செலவைத் தொடங்கிவிடக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாவித்த அடுப்பையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் முதலில் வாங்கிவிட்டு, பின்னர் அவற்றுக்குக் கடன் கேட்டால் அந்தச் செலவு ஏற்கப்பட மாட்டாது. வங்கிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது தொழில் திட்டம். அதில் வங்கி அலுவலர் கூர்ந்து படிக்கும் பக்கம் மாதாந்தப் பணவோட்டக் கணக்கு: கடை வாடகை, வாடகை முற்பணம், சம்பளம், சமூகக் காப்புறுதி, பெறுமதி சேர் வரி, மரக்கறியும் இறைச்சியும் வாங்கும் செலவு, கடன் தவணை என்பனவெல்லாம் மாதம் மாதமாக எழுதப்பட்டு, வியாபாரம் மெதுவாக இருக்கும் முதல் ஆறு மாதங்களைத் தாண்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அங்கே பதில் இருக்க வேண்டும். அவருடைய வதிவிட அனுமதி சுயதொழிலுக்கு இடமளிக்கிறதா என்பதையும், பழைய தொலைபேசிக் கட்டணம் போன்ற நிலுவை எதுவும் 'சூஃபா' என்னும் கடன் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளட்டும்.

வங்கி தயங்கினால், ஜேர்மனியின் மாநிலங்களில் இயங்கும் பிணை வங்கிகள் கடனில் 80 வீதம் வரை பிணை நிற்கக்கூடும். தம்பி வேலை இழந்து வேலையற்றோர் காப்புறுதிப் பணம் பெறுபவராக இருந்து, அதில் குறைந்தது 150 நாட்கள் மீதமிருந்தால், வேலைவாய்ப்பு அலுவலகம் ஆறு மாதங்களுக்கு அந்தப் பணத்தோடு மாதம் 300 யூரோ சேர்த்துத் தொழில் தொடங்கும் உதவியாக வழங்கலாம். இது மட்டுமே அவருக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். ஆயினும் அது உரிமையாகக் கிடைப்பதன்று, அலுவலகத்தின் முடிவைப் பொறுத்தது. இதைப் பெறுவதற்காகவே கையிலுள்ள வேலையை விட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இலங்கையிலிருந்து முதலீட்டுக்காகப் பணம் அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். காணியை விற்ற பணத்தை வங்கிக்கு வெளியே தனியார் கைமாற்றும் 'உண்டியல்' மூலம் அனுப்பினால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஜேர்மன் வங்கி கேட்கும்போது தம்பியிடம் காட்ட ஒரு கடதாசியும் இராது.

கேள்வி: இலண்டனில் இருக்கும் எனது பெறாமகன் 2020 இல் கொரோனாக் காலத்து அரசாங்கக் கடன் எடுத்துக் கடையை நடத்தினார். கடை பின்னர் மூடப்பட்டுவிட்டது. நூறு வீதமும் அரசாங்கம் பொறுப்பு என்று சொல்லியே கடன் கொடுத்தார்கள். இப்போது வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. அவர் கட்டத்தான் வேண்டுமா? (ஓய்வுபெற்ற தபாலதிபர், முள்ளியவளை)

பதில்: கட்டத்தான் வேண்டும். 2020 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2,000 முதல் 50,000 பவுண் வரை, ஆண்டு வருமானத்தின் காற்பங்குக்கு மேற்படாமல், 2.5 வீத வட்டிக்குக் கடன் வழங்கப்பட்டது. முதல் ஆண்டு வட்டியை அரசே செலுத்தியது. நூறு வீதப் பிணை என்பது வங்கிக்கு அரசு கொடுத்த வாக்கு. மேலே பரந்தன் ஆசிரியைக்குச் சொன்ன அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

பெறாமகன் தனியாள் வியாபாரியாகக் கடன் எடுத்திருந்தால் பொறுப்பு அவருடையதே. எனினும் அவர் வசிக்கும் வீட்டையும் முக்கிய வாகனத்தையும் இந்தக் கடனுக்காக எடுக்க முடியாது. வரையறுத்த கம்பனியின் பெயரில் எடுத்திருந்தால் பொறுப்பு கம்பனியுடையது. ஆனால் பணத்தைத் தொழிலுக்கு வெளியே செலவழித்திருந்தாலோ, கடனைத் தவிர்ப்பதற்காகவே கம்பனியைக் கலைத்திருந்தாலோ, 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவரைப் பணிப்பாளர் பதவிகளிலிருந்து தடைசெய்ய முடியும். தவணைக்காலத்தை ஆறு ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக நீட்டவும், சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டவும் அத்திட்டத்திலேயே வழி வைக்கப்பட்டிருந்தது. கடிதங்களைத் திறக்காமல் வைத்திருப்பதைவிட வங்கிக்குத் தொலைபேசி எடுப்பது அவருக்கு நல்லது.

கேள்வி: பாரிஸில் எனது மகளுக்கு அரச உதவி பெற்றுத் தருவதாகச் சொல்லி, ஒருவர் முன்கூட்டியே ஆயிரம் யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா? (தாய், மாங்குளம்)

பதில்: கொடுக்க வேண்டாம். பிரான்சின் அரச முதலீட்டு வங்கியான பிபிஐ பிரான்ஸின் பிணையை, மகள் கடன் கேட்கும் வங்கியே கேட்டுப் பெறும். 'இனிசியாத்தீவ் பிரான்ஸ்' அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் வட்டியும் பிணையும் இல்லாத நம்பிக்கைக் கடனை வழங்குகின்றன. வங்கிகள் கைவிட்டவர்களுக்கு 1989 முதல் 'அதீ' என்னும் அமைப்பு நுண்கடன் கொடுத்து வருகிறது. இவற்றின் கதவைத் தட்டுவதற்கு இடைத்தரகர் தேவையில்லை. மகளுக்குப் பிரெஞ்சு கடினமாக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகட்டும்.

கேள்வி: ஐரோப்பிய முதலீட்டு வங்கி, ஐரோப்பிய முதலீட்டு நிதியம் ஆகியவை சிறுதொழில்களுக்கு உதவுவதாகப் படித்தேன். எப்படி? (உயர்தர வணிகப்பிரிவு மாணவி, வவுனியா)

பதில்: முதலில் வரையறை. 2003 ஆம் ஆண்டின் பரிந்துரைப்படி, 250 இற்குக் குறைவான ஊழியர்களைக் கொண்டு, ஆண்டுப் புரள்வு 5 கோடி யூரோவையோ ஐந்தொகை 4.3 கோடி யூரோவையோ தாண்டாத நிறுவனங்கள் சிறிய, நடுத்தர முயற்சிகளாகக் கொள்ளப்படுகின்றன. பத்துப் பேருக்குக் குறைந்தவை நுண் முயற்சிகள். முதலீட்டு வங்கி 1958 இலும் முதலீட்டு நிதியம் 1994 இலும் தோன்றின. இரண்டுமே இலக்சம்பேர்க்கில் உள்ளன.

இவை கடைக்காரருக்கு நேரே கடன் கொடுப்பதில்லை. ஒரு நாட்டின் வங்கி வழங்கப்போகும் பல ஆயிரம் சிறுகடன்களை ஒரே தொகுப்பாக எடுத்து, அத்தொகுப்பில் ஏற்படும் இழப்பின் ஒரு பகுதியை ஏற்பதாக முதலீட்டு நிதியம் ஒப்பந்தம் செய்கிறது. அதற்குக் கைமாறாக வங்கி ஈட்டைக் குறைக்க வேண்டும், அல்லது வட்டியைக் குறைக்க வேண்டும், அல்லது முன்பு மறுத்திருக்கக்கூடியவர்களுக்கும் கடன் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பது ஒன்றியத்தின் பொது நிதி. 2021 முதல் 2027 வரைக்குமான 'இன்வெஸ்ட்-ஈயூ' திட்டத்தில் 2,620 கோடி யூரோ உத்தரவாதமாக ஒதுக்கப்பட்டது. எல்லாக் கடனும் ஒரே நாளில் மூழ்குவதில்லை என்பதால், ஒரு யூரோ உத்தரவாதத்தைக் கொண்டு பல யூரோ கடனை எழுப்ப முடிகிறது. பரீட்சையில் எழுதும்போது இந்தப் பெருக்கத்தையும், நியாயமான போட்டியைக் காப்பதற்காக ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகளில் பெறக்கூடிய சிறு அரச உதவிக்கு 2024 முதல் 3 இலட்சம் யூரோ உச்சவரம்பு இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அப்படியான பிணை ஏற்பாட்டை இங்கே எங்களைப் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் செய்ய முடியாதா? எமது அங்கத்தவர்களிடம் உழைப்பு இருக்கிறது, கடனுக்குப் பிணைதான் இல்லை. (கூட்டுறவுச் சங்க முகாமையாளர், ஒட்டுசுட்டான்)

பதில்: வந்த கடிதங்களுள் எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது உங்களுடையதே. வன்னியில் பலரிடம் இருப்பது உறுதிக் காணியன்று, அனுமதிப்பத்திரக் காணி. அதை விரும்பிய வங்கியில் ஈடுவைக்க முடியாது. அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கொண்டுவரச் சொன்னால், கணவரை இழந்து இடியப்பமோ மிக்சரோ விற்றுக் குடும்பம் நடத்தும் பெண் யாரிடம் போவார்? நுண்கடன் கம்பனிகள் வீட்டு வாசலுக்கு வந்ததும், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்ததும் இந்த வெற்றிடத்தால்தான்.

சுவிற்சர்லாந்தில் நீங்கள் கேட்பதற்கு நெருங்கிய முன்மாதிரி உண்டு. 1928 இல் பேர்ண் நகரில் பெண்களின் உழைப்பைக் காட்டும் 'சாஃபா' கண்காட்சி நடைபெற்றது. அதில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு 1931 இல் பெண் தொழில்முயற்சியாளருக்குப் பிணை நிற்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அது பல தசாப்தங்கள் கடந்தும் நிலைத்தது. இன்று அந்நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட பிணைக் கூட்டுறவுகள் ஒரு நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் பிராங் வரை பிணை நிற்க முடியும். இழப்பு வந்தால் அதில் 65 வீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. அங்கத்தவரை நன்கு அறிந்த சங்கம் ஆளைத் தெரிவுசெய்ய, பெரிய இழப்பைத் தாங்கும் வலு அரசிடமிருந்து வருகிறது.

இலங்கையிலும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அமைக்கப்பட்டுள்ளது. அதுவும் வங்கிகள் ஊடாகவே இயங்குகிறது. ஆகவே உங்கள் சங்கம் முதலில், ஐந்தாண்டுகளாகத் தவணை தவறாத அங்கத்தவர்களின் கடன் பேரேட்டை ஒழுங்காகத் தொகுத்து, கணக்காய்வுடன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் சேமிப்பிலிருந்து ஒரு சிறு பிணை நிதியைத் தனிக் கணக்காகப் பிரிப்பதற்கு உபவிதிகள் இடமளிக்கின்றனவா என்று மாவட்டக் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவருடைய பதில் வந்ததும் எமக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். மற்றச் சங்கங்களும் படிக்கும் வகையில் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.